மாலை நேரச் செல்

மார்ச் 4, செவ்வாய்.
இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். செய்முறைக் குறிப்பேட்டில், பார்த்ததை வரைந்துவிட்டேன்.

இந்த வரிகளை எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பிறகுதான் அவள் பேனாவை மூடினாள். தேதிக்கு ஒற்றைக் கோடு, தவறுக்கு இரட்டைக் கோடு. அது அவள் வழக்கம். மாலைப் பள்ளியில் அவளை எல்லோரும் ஸ்கேல் என்றே கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே ஒரு நிமிடம் சும்மா இருப்பாள்.

பகலில் ஸ்கேலுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நீராவிப் பெட்டி போடும் மேசை அவளுடையது. நாளொன்றுக்கு நூற்று எண்பது விரிப்புகள் அவள் கைக்கு வெள்ளைக் கசங்கலாக வந்து வெள்ளைச் சதுரமாகப் போகும். அந்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடங்களில் ஒன்று ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கே மேசை மேசையாக நுண்ணோக்கிகள் இருக்கும். அவற்றில் குனிந்திருப்பவர்கள் யாரோடும் பேசாமல் எதையோ பார்த்து, எதையோ எழுதுவார்கள். விரிப்பை வைத்துவிட்டு ஸ்கேல் அங்கே நிற்க வேண்டிய நேரம் அரை நிமிடம். நின்ற நேரம் எப்போதும் ஐந்து நிமிடம். ஒரு நாள் அந்தக் கூடத்தின் தலைவி, எல்லோரும் லேப் மேடம் என்று சொல்பவர், தலையைத் தூக்காமலேயே சொன்னார்:

"இங்க உதவியாளர் இடம் ஒண்ணு காலியா இருக்கு. ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆள் எடுக்கப் போறாங்க. அடிப்படை அறிவியல் செய்முறைக் குறிப்பேடு, கையெழுத்தோட இருக்கணும். மார்ச் இருபத்தொண்ணு கடைசி நாள். வாசல்லயே நிக்கிறதா உத்தேசமா?"

அன்றைக்கே அவள் மாலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

மாலைப் பள்ளியில் அறிவியல் எப்படி நடந்தது என்று சொன்னால்தான் அவள் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் குறிப்பேட்டில் மூன்று தலைப்புகள்: சோதனை, காண்பன, அறிவன. அங்கே முதல் வாரம் அறிவன எழுதுவார்கள். அது கரும்பலகையில் இருக்கும். இரண்டாம் வாரம், அந்த அறிவனவுக்குப் பொருத்தமான காண்பன. அதற்குப் பிறகும் நாள் மிச்சமிருந்தால் சோதனை. நாள் மிச்சமிருந்ததாகச் சரித்திரம் இல்லை.

சோதனைக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருந்தன. எடுத்தால் உடையும், உடைந்தால் விளக்கம் கேட்பார்கள், கேட்டால் எழுத வேண்டும் என்பதால் அவற்றை யாரும் தொடுவதில்லை. நுண்ணோக்கிக்கு மட்டும் தனி மரியாதை. வருடத்துக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்து, நீலத் துணி உறையோடு மேசைமேல் வைப்பார்கள். மாணவர்கள் வரிசையில் வந்து, உறையைப் பார்த்துவிட்டு, காண்பன எழுதப் போவார்கள்.

படம் வரைவதற்கு மாதிரிக் குறிப்பேடு ஒன்று இருந்தது. மெழுகுத்தாளை அதன்மேல் வைத்து, வெங்காயச் செல்லை அப்படியே ஒற்றி எடுக்க வேண்டும். செங்கல் அடுக்கினாற்போலச் செல் சுவர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உட்கரு, நடுச்செல்லில் உட்கருவுக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில், ஓரம் கறுத்து, கொஞ்சம் வாலோடு இன்னொரு வட்டம். அதன் பெயர் பக்கக்கரு. பாடக் குறிப்பில் அதற்கு இலக்கணம் உண்டு: "பக்கக்கரு என்பது உட்கருவின் பக்கத்தில் இருப்பது. அதன் பணி, பக்கத்தில் இருத்தல்." இரண்டு மதிப்பெண் கேள்வி. தவறாமல் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். நுண்ணோக்கியின் உறையில் தூசி ஏறிவிட்டது என்று ஆய்வக உதவியாளர் அதைத் துவைத்துத் தரச் சொல்லி ஸ்கேலிடம் கொடுத்திருந்தார். இடுப்பில் கொத்துச் சாவியோடு திரியும் அவருக்குச் சாவி அண்ணன் என்று பெயர். அவள் அதை ஆஸ்பத்திரி விரிப்புகளோடு வெளுத்து, பெட்டி போட்டு, நான்காக மடித்துக் கொண்டுவந்தாள். ஆய்வகத்தில் யாரும் இல்லை. நுண்ணோக்கி உடுப்பில்லாமல் மேசைமேல் நின்றது. அவள் பையில், வீட்டுக்கு வாங்கிய வெங்காயம் இருந்தது. பாடப் புத்தகம் இருந்தது. "வெங்காயத்தின் உட்புறத் தோலை மெல்ல உரித்தெடு" என்று புத்தகம் ஒருமையில் கட்டளையிட்டது. யாராவது கட்டளையிட்டால் ஸ்கேல் கீழ்ப்படிகிறவள். உரித்தாள். கண்ணாடித் தகட்டில் வைத்தாள். ஒரு துளி தண்ணீர். துருப்பிடித்த மூடியைத் திருகித் திறந்து, ஒரு துளி அயோடின். குனிந்தாள்.

செங்கல் அடுக்கினாற்போல இருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உட்கரு இருந்தது. இத்தனை நாளும் அவள் பெட்டி போட்ட எந்த விரிப்பையும்விட அது சீராக இருந்தது. மணி ஆறரை. அவள் மெழுகுத்தாளை மறந்து, கையாலேயே வரைந்தாள்.

பக்கக்கரு இல்லை. அதைக்கூட அவள் வீட்டுக்குப் போய்த்தான் கவனித்தாள்.

மறுநாள் அறிவியல் சார் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, அந்தப் பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர். பகல் பள்ளியிலும் வேலை, மாலைப் பள்ளியிலும் வேலை என்று இரண்டு பள்ளிக்கும் ஒரே தூக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தவர்.

"படம் நல்லாத்தான் இருக்கு ஸ்கேல். ஓர் உறுப்பு விட்டுப்போச்சே."

"பார்த்தேன் சார். அதில இல்ல."

"எதுல இல்ல?"

"வெங்காயத்துல."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெங்காயத்தை எதுக்கும்மா பார்த்தே? மாதிரிக் குறிப்பேடு இருக்கு, அதைப் பார்த்தா போதாதா?"

"புத்தகத்துல உரிக்கச் சொல்லியிருந்தது சார்."

"புத்தகம் ஆயிரம் சொல்லும். எல்லாத்தையும் செய்ய ஆரம்பிச்சா பாடம் எப்ப நடத்துறது? ஒரு வட்டம் போட்டுக் கொண்டா. கையெழுத்துப் போட்டுடறேன்."

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது அண்ணி அடுப்படியில் இருந்தாள். அண்ணி பஸ் கண்டக்டர். வீட்டிலும் குரல் பின்சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"ஒரு வட்டம்தானே? போட்டுட்டு வேலையைப் பாரேன். என் பஸ்ல 'நிற்பவர் பன்னிரண்டு'ன்னு எழுதியிருக்கு. நான் என்னிக்காவது எண்ணிப் பார்த்திருக்கேனா? எண்ணினா பஸ் நகருமா?"

"இல்லாததை எப்படி அண்ணி வரையறது?"

"உன் அண்ணன் என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, எனக்குக் கோபமே வராதுன்னு எங்கப்பா சொன்னார். இல்லாததைச் சொன்னதாலதான் இந்தக் குடும்பமே நடக்குது."

கூடத்தில் இருந்த அண்ணன் செருமினான்.

ஸ்கேலுக்கு வேறு சந்தேகம் வந்தது. பதினான்கு வருடமாக எல்லோரும் வரைகிறார்கள். தனக்கு மட்டும் தெரியவில்லை என்றால், கோளாறு யார் கண்ணில்? நூற்று எண்பது விரிப்பில் ஒரு கறையைத் தவறவிட்டவள்தானே, போன மாதம்? அவள் நாட்குறிப்பில் எழுதினாள்: "ஒரு வெங்காயம் போதாது." அடியில் ஒற்றைக் கோடு.

அடுத்த ஐந்து நாளும் வகுப்புக்கு அரைமணி முன்னால் போனாள். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், வெள்ளை, சிவப்பு, முளைவிட்டது, பாதி அழுகல் என்று ஆறு பார்த்துவிட்டாள். முதல் வெங்காயத்தோடு சேர்த்து ஏழு. எதிலும் பக்கக்கரு இல்லை. உரித்த மிச்சமெல்லாம் வீட்டுக்கு வந்தது. ரொட்டியில் வெங்காயம், முட்டையில் வெங்காயம். "இவ பாஸாகிறதுக்குள்ள நாம வெங்காயமாயிடுவோம்" என்றான் அண்ணன். அண்ணி, "அப்ப நம்மளையும் உரிச்சுப் பார்ப்பா" என்றாள்.

திங்கட்கிழமை அவள் ஏழு படங்களையும் சாரிடம் நீட்டினாள். சார் முகம் வெளுத்தது.

"ஒண்ணுன்னா கவனக்குறைவுன்னு எழுதிடலாம். ஏழுன்னா அது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மா."

ஆகவே அவர் அதை மேலே அனுப்பினார். மேலே இருந்தது பாட வாரியம். வாரியத்தில் இதற்கு என்று ஒரு படிவம் இருந்தது: 'இயற்கையில் காணப்படும் பிழைகள் குறித்த முறையீடு.' அதன் மூன்றாம் பத்தியில், பிழை செய்த பொருள் என்ற இடத்தில், சார் "வெங்காயம் (7)" என்று எழுதினார். கீழே ஒரு வரி இருந்தது: முறையீடு முடியும்வரை குறிப்பேட்டில் கையெழுத்திடலாகாது.

"எப்ப சார் முடியும்?"

"போன முறையீடு, தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்குதுங்கிறது. ஒம்பது வருஷமா நடக்குது."

"அதுவரைக்கும் தண்ணி?"

"கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

மார்ச் இருபத்தொன்றுக்கு இன்னும் பதினொரு நாள். ஸ்கேல் தலை குனிந்து ஆய்வகத்துக்குப் போய், நுண்ணோக்கிக்கு உறை மாட்டினாள். சாவி அண்ணன் ஜன்னலோரம் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து நாளாக அவர் அவளைப் பார்ப்பதும், வாயைத் திறப்பதும், தேநீரை ஊற்றி அதை மூடுவதுமாக இருந்தார்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"அது நான்தான்."

"எது?"

"பக்கக்கரு." அவர் குவளையைத் தூக்கிக் காட்டினார். "சேர்ந்த புதுசு. மாதிரிக் குறிப்பேட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு டீ குடிச்சேன். ஒரு சொட்டு விழுந்துடுச்சு. துடைச்சேன், வால் மாதிரி இழுத்துக்கிச்சு. வேலை போயிடும்னு வாயே திறக்கல. அந்த வருஷம் அறுபது பேரும் அதையும் சேர்த்து வரைஞ்சாங்க. அடுத்த வருஷம் ஒரு பெரியவர் வந்து அதுக்குப் பேர் வெச்சார். அதுக்கடுத்த வருஷம் கேள்வி வந்துச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"நீங்க பரீட்சை எழுதியிருக்கீங்களா அண்ணே?"

"போன வருஷம் எழுதினேன். அந்தக் கேள்விக்கு ஒண்ணரை மார்க்தான் போட்டாங்க" என்றார் அவர். அந்த அரை மதிப்பெண் இன்னும் அவருக்கு ஆறவில்லை என்று தெரிந்தது.

வாரியம் ஒன்பது வருடம் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கக்கரு என்ற பெயரைக் கண்டதும் எட்டே நாளில் விசாரணை வைத்துவிட்டது. தண்ணீர் எப்படிக் கொதித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பக்கக்கருவுக்கு வாரியத்தில் ஒரு துறையும், அந்தத் துறைக்கு இரண்டு ஜன்னலுள்ள ஓர் அறையும் இருந்தன.

விசாரணைக்கு முந்தின மாலை, ஸ்கேல் தளர்ந்துபோனாள். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, குறிப்பேட்டைத் திறந்து, பென்சிலால் மெல்லிசாக ஒரு வட்டம் போட்டாள். வாலும் போட்டாள். பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்து மேசைகள் ஞாபகம் வந்தன. அங்கே இப்படி ஒரு வட்டத்தைப் போட்டால் அது யாரோ ஒருவருடைய ரத்தத்தில் போய் உட்காரும். ரப்பரை எடுத்து அழித்தாள். அழித்த இடம் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. நாட்குறிப்பில் எழுதினாள்: "இன்று இரண்டாவது தவறு. ஐந்து நிமிடம் நீடித்தது."

வாரியக் கட்டடத்தின் வாசலில் காவலாளி அவள் பையைச் சோதித்து, சாட்சிக்காகக் கொண்டுபோயிருந்த வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டார். உணவுப் பண்டம் உள்ளே அனுமதி இல்லை. கருவியை அனுமதித்தார்கள். சாவி அண்ணன் நுண்ணோக்கியைக் குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துத் தூக்கிவந்தார்.

உள்ளே நீள மேசை. நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் முனைவர். முனைவர் பக்கக்கருவுக்குப் பெயர் வைத்தவர். அதில்தான் பட்டம் வாங்கியவர். அதன் வாலின் நீளம் பற்றி நானூறு பக்கம் எழுதியவர். சார் சுவரோரம் நின்றார். நாற்காலி இருந்தது, ஆனால் அதில் உட்காரச் சொல்ல அதிகாரம் உள்ளவர் அன்று விடுப்பு.

தலைவர் முதலில் நுண்ணோக்கியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "உறை ரொம்பச் சுத்தமா இருக்கு. பாராட்டுக்கள்."

"நான்தான் துவைச்சேன் சார்" என்றாள் ஸ்கேல்.

"அப்படியே வைங்க. கழற்ற வேண்டாம். தூசி படும்." பிறகு அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு எல்லோரையும் பார்த்துப் பேசினார். "அறிவியல்னா என்ன? கேள்வி கேட்கிறது. யார் கேட்கிறது? வாரியம் கேட்கிறது. மாணவர் பதில் எழுதுறது. இந்த முறை ஆற்றல் அழிவின்மை விதியைப் போல நிலையானது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு மேசையிலேர்ந்து இன்னொரு மேசைக்கு மாத்தத்தான் முடியும். முப்பது வருஷமா நான் என் ஆற்றலை அப்படித்தான் பாதுகாத்துட்டு வர்றேன். இப்ப இந்தப் பொண்ணு கேள்வி கேட்கிறாங்க. கேட்கட்டும். ஆனா வெங்காயத்தைக் கேட்டுட்டு வந்து நம்மளைக் கேட்கிறாங்க. அதுதான் வருத்தம்."

முனைவர் பூதக்கண்ணாடியை எடுத்து, அவள் குறிப்பேட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"தலைவர் இதைப் பார்க்கணும். உட்கருவுக்குப் பக்கத்துல, சாம்பல் நிறத்துல, வாலோட. பக்கக்கரு இருந்திருக்கு. அப்புறம் மறைஞ்சிருக்கு."

ஸ்கேலுக்குக் காது சுட்டது. பேசாமல் இருந்தால் போதும். கையெழுத்து ஆகிவிடும். மூன்று நாளில் நுண்ணோக்கி மேசை. அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சை எண்ணினாள்.

"அது நேத்து நான் வரைஞ்சு அழிச்சது சார்."

"ஏன் வரைஞ்சே?"

"பயந்துபோய்."

"ஏன் அழிச்சே?"

"அதைவிடப் பயந்துபோய்."

முனைவர் அதைக் குறித்துக்கொண்டார்: பக்கக்கரு பயத்தில் தோன்றி, அதிகப் பயத்தில் மறையக்கூடியது.

அப்போது நுண்ணோக்கிக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல். சாவி அண்ணன் கையைத் தூக்கியிருந்தார். சாவிக்கொத்து கலகலத்தது.

"ஐயா, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அது என் டீ." அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொட்டு விழுந்தது, துடைத்தது, வால் இழுத்தது.

தலைவர் நிதானமாகக் கேட்டார். "அது டீதான்னு சோதனை பண்ணிப் பார்த்தீங்களா?"

"நான்தாங்க குடிச்சேன்."

"குடிக்கிறது சோதனை ஆகாது. சோதனை, காண்பன, அறிவன. உங்ககிட்ட எது இருக்கு?"

"குவளை இருக்குங்க."

"ஒரு உதவியாளரோட டீ, பதினாலு வருஷம் பாடத்திட்டத்துல இருக்க முடியுமா?" என்றார் முனைவர். "பாடத்திட்டத்துல ஒண்ணு சேர்க்க எத்தனை குழு, எத்தனை கையெழுத்து. அவ்வளவையும் தாண்டி ஒரு சொட்டு டீ உள்ளே வந்திருக்க முடியாது. ஆகவே அது டீ அல்ல."

"அப்ப நான் குடிச்சது என்னங்க?" என்றார் சாவி அண்ணன். அவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

முனைவர் ஸ்கேல் பக்கம் திரும்பினார். குரலில் பழைய தெம்பு இல்லை. கண் அடிக்கடி ஜன்னல் பக்கம் போனது, அந்த இரண்டு ஜன்னலுள்ள அறையை நினைத்துக்கொண்டோ என்னவோ.

"நீ பார்த்தது எத்தனை மணிக்கும்மா?"

"ஆறரை சார்."

"காலையிலயா?"

"சாயங்காலம். மாலைப் பள்ளிதானே சார்."

முனைவர் எழுந்து நின்றுவிட்டார். "மாலை. சூரிய ஆற்றல் இல்லாத நேரம். தலைவர் அவர்களே, பக்கக்கரு இயங்க ஆற்றல் வேணும். பகல்ல இருக்கும். மாலையில போயிடும்."

"ஆற்றலை அழிக்க முடியாதே" என்றார் தலைவர். "எங்கே போகும்?"

"பகல் பள்ளிக்குப் போகும்."

தலைவர் உடனே பகல் பள்ளிக் குறிப்பேடுகளை வரவழைத்தார். நாற்பது குறிப்பேடுகள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். நாற்பதிலும் பக்கக்கரு இருந்தது, வாலோடு. அறையில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். இவ்வளவு தெளிவான பரிசோதனை அந்தக் கட்டடத்தில் அதற்குமுன் நடந்ததில்லை.

வெளியே வரும்போது காவலாளியிடம் ஸ்கேல் தன் வெங்காயத்தைக் கேட்டாள். அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் காட்டினார். "நறுக்கிட்டேனே."

"உள்ளே ஏதாவது பழுப்பா வட்டமா இருந்ததா?"

"வெங்காயத்துல என்னம்மா இருக்கும்? வெங்காயம்தான் இருக்கும்" என்றார் அவர். அந்த வளாகத்தில் அன்று பேசப்பட்ட ஒரே அறிவியல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, சாப்பிடத் தொடங்கினார்.

ஆணை வியாழக்கிழமை வந்தது. சார் அதை வகுப்பில் நின்றுகொண்டு படித்தார்.

"இதனால் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், செல் இரு வகைப்படும். ஒன்று பகல் நேரச் செல், பக்கக்கரு உடையது. மற்றொன்று மாலை நேரச் செல், பக்கக்கரு அற்றது. மேற்படி மாணவி மாலை நேரத்தில் மாலை நேரச் செல்லைக் கண்டது முறையானதே. எனினும் அனுமதியின்றிக் கண்டது வருந்தத்தக்கது. அவரது குறிப்பேட்டில் கையெழுத்திடலாம். மேற்படி உதவியாளர் இனி ஆய்வகத்தில் தேநீர் அல்லாத அந்தத் திரவத்தைக் குடிக்கக் கூடாது."

படித்து முடித்து, சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பகல் செல்லுக்கும் மாலைச் செல்லுக்கும் உள்ள ஐந்து வேறுபாடுகளை அட்டவணையாகத் தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள். அவரிடம் ஒன்றுதான் இருந்தது.

"ஸ்கேல், உனக்கு வேற ஏதாவது வேறுபாடு தோணுதா?"

"பகல் பள்ளியில நாற்காலிக்கு நாலு கால் இருக்கு சார்."

சார் அதையும் எழுதிக்கொண்டு, அவள் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே வாரியம் கொடுத்த முத்திரையைக் குத்தினார். வீட்டில் அண்ணி அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, சில்லறை சரிபார்ப்பதுபோல் படித்தாள்: "இவர் மாலை நேரச் செல்களை மட்டும் பார்க்கத் தகுதி பெற்றவர்."

பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"என் பஸ்ல சீசன் பாஸ்லகூட இப்படிப் போட மாட்டாங்களே. அந்த மேடம் என்ன சொல்லுவாங்களோ."

"தெரியல அண்ணி."

"சொல்றதைச் சொல்லட்டும். நீ வட்டம் போடலைல்ல? சரி, சாப்பிட வா. இன்னிக்கு வெங்காயம் இல்லாம பண்ணியிருக்கேன், அந்தச் சந்தோஷத்துலயாவது சாப்பிடு."

வெள்ளிக்கிழமை, மார்ச் இருபத்தொன்று. கடைசி நாள், மாலை நான்கு மணி. லேப் மேடம் முத்திரையை ஒருமுறை படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி படித்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

ஸ்கேல் வரிசையாகச் சொன்னாள். உறை, வெங்காயம், டீ, வட்டம், அழித்தது, ஆணை. எதையும் விடவில்லை. தன் இரண்டு தவறுகளையும் தேதியோடு சொன்னாள். மேடம் சிரிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்தான் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"உட்காரு" என்றார் மேடம். ஒரு நுண்ணோக்கியைக் காட்டினார். "இதுல என்ன தெரியுதோ அதை எழுது. பத்து நிமிஷம்."

ஸ்கேல் குனிந்தாள். சிவப்பாக, வட்ட வட்டமாக, நடுவில் கொஞ்சம் வெளிறி, ரத்தச் செல்கள். அழகாக இருந்தன. அவற்றுக்கு நடுவே, கறுப்பாக, ஓரம் பிசிறடித்து, ஒரு புள்ளி.

நிஜமாகவே இருக்கிறதா? இல்லை, இத்தனை நாள் அதையே நினைத்து நினைத்துக் கண்ணில் ஒட்டிக்கொண்டதா? கண்ணை மூடித் திறந்தாள். இருந்தது. கண்ணாடித் தகட்டை இடது பக்கம் நகர்த்தினாள். செல்கள் எல்லாம் நகர்ந்தன. புள்ளி நகரவில்லை. அவள் கண் வைக்கிற வில்லையை மெல்லத் திருகினாள். இப்போது செல்கள் அசையவில்லை. புள்ளி மட்டும் கூடவே சுற்றி வந்தது.

அவள் இரண்டு வரி எழுதி, ஸ்கேல் இல்லாததால் அடையாள அட்டையின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டு, நீட்டினாள்.

"சிவப்பு ரத்தச் செல்கள் உள்ளன. கறுப்புப் புள்ளி ரத்தத்தில் இல்லை, வில்லையில் உள்ள தூசி."

மேடம் அதைப் பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் போட்டார். "உனக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. பகல் பள்ளி. எல்லாரும் முதல் வகுப்பு. படி."

மூன்றிலும் நல்ல கையெழுத்து. மூன்றிலும் படம். மூன்றிலும் புள்ளிக்கு அம்புக்குறி போட்டு, பக்கக்கரு என்று எழுதியிருந்தது. ஒருவர் வால்கூடப் போட்டிருந்தார்.

"அந்தத் தூசியை நான்தான் வெச்சேன்" என்றார் மேடம். "சாயங்கால ஷிஃப்ட்டுக்கு ஆறு மாசமா ஆள் இல்லை. உன் முத்திரையும் அதைத்தான் சொல்லுது. வாரியம் முதல் தடவையா உருப்படியா ஒண்ணு எழுதியிருக்கு."

ஸ்கேல் எழுந்து நின்றாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"மேடம், பகல்ல அவசரமா ஏதாவது பார்க்கச் சொன்னா, பார்க்கலாமா?"

மேடம் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்துகொண்டார். "ஜன்னலைச் சாத்திட்டுப் பாரு."

மார்ச் 21, வெள்ளி.
சோதனை: ரத்தம், ஒரு தகடு. காண்பன: செல்கள், தூசி. அறிவன: வேலை கிடைத்தது. (வரிசை சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன்.) சாவி அண்ணனிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.
நாளை: மாலை நான்கு மணிக்குப் பரிசோதனைக் கூடம். முதலில் எல்லா வில்லைகளையும் துடைக்க வேண்டும். தேநீரை வாசலிலேயே குடித்துவிட்டு உள்ளே போக வேண்டும்.